தேசம்மாவின் குடுவை

தாட்சாயணி நாலு மணிக்கு வருவாள். மூன்றடிக்க இன்னும் நாலு நிமிஷம் இருந்தது. வருஷா வருஷம் பிப்ரவரி பதினொன்றாம் தேதி இந்த நேரத்தில் வசுமதிக்கு வேலை ஒன்றுதான். இன்குபேட்டரைத் திறந்து, இருப்பதிலேயே நன்றாக வளர்ந்திருக்கும் குடுவையாகப் பார்த்து எடுத்து, உள்ளே செல்களுக்கு உணவாக இருக்கும் பழைய மீடியத்தை உறிஞ்சிவிட்டு, புதிதாக அந்த இளஞ்சிவப்புத் திரவத்தை ஊற்றி, அடிப்பக்கத்தை ஈரமில்லாமல் துடைத்து மைக்ராஸ்கோப்பில் வைக்க வேண்டும். பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் இப்படித்தான் தலைவாரி உட்காரவைப்பார்கள் என்று லேப் டெக்னீஷியன் தேவசகாயம் சொல்வார். அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. இன்று வசுமதி இன்குபேட்டரை இரண்டு தடவை திறந்து இரண்டு தடவையும் மூடிவிட்டாள். முப்பத்தேழு டிகிரிச் சூடு முகத்தில் பட்டது, ஈர மாவின் வாசனை மாதிரி ஒன்று வந்தது, ஏழு குடுவைகளும் வரிசையாகப் படுத்திருந்தன, ஒவ்வொன்றின் தோளிலும் அவள் கையெழுத்தில் டி.எஸ்.எம். என்ற மூன்று எழுத்து. தேசம்மா என்ற பெயரைச் சுருக்கி அவளே வைத்தது. ராயபுரத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த தேசம்மாவுக்குக் கன்னத்தில் புற்று வந்து, தொண்ணூற்று மூன்று நவம்பரில் பெரிய ஆஸ்பத்திரியில் அறுத்தபோது, அறுத்ததில் புளியங்கொட்டை அளவு ஒரு துண்டை ஐஸ் நிரப்பிய ஃபிளாஸ்க்கில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு வசுமதி தரமணிக்கு ஆட்டோவில் வந்தாள். தேசம்மா அடுத்த பிப்ரவரி பதினொன்றாம் தேதி இறந்துபோனாள். துண்டிலிருந்து வந்த செல்கள் இறக்கவில்லை. அப்படித்தான் இருபத்தெட்டு வருஷமாக வசுமதி நினைத்துக்கொண்டிருந்தாள், அப்படித்தான் எழுதினாள், அப்படித்தான் தேசம்மாவின் மகள் தாட்சாயணியிடம் சொன்னாள். நேற்றுப் பதினொன்று இருபதுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது.

நாலு பக்க அறிக்கை. முதல் மூன்று பக்கம் எப்படிச் சோதித்தார்கள் என்று. கைரேகை மாதிரி ஒவ்வொரு மனிதரின் செல்லுக்கும் ஓர் எண் வரிசை உண்டு, அதை இப்போது இரண்டு நாளில் எடுத்துவிடலாம், வெளிநாட்டுப் பத்திரிகைகள் அந்தச் சான்றிதழ் இல்லாமல் கட்டுரையை வாங்கவே மாட்டேன் என்கின்றன. அவளுடைய பழைய மாணவி பர்வீன், இன்று ஹைதராபாத்தில் சொந்த லேப் வைத்திருப்பவள், தன் கட்டுரை ஒன்றுக்காக டி.எஸ்.எம். செல்லைச் சோதனைக்கு அனுப்பினாள். வந்த முடிவை நம்பாமல் வசுமதியிடம் இருந்ததிலேயே பழைய குப்பியை, தொண்ணூற்று நாலு அக்டோபரில் உறையவைத்ததை, வாங்கி மறுபடி அனுப்பினாள். நாலாம் பக்கத்தில் ஒரு வரி. இந்தச் செல்கள் ஐம்பத்தொன்றில் அமெரிக்காவில் இறந்துபோன ஒரு பெண்மணியுடையவை. உலகத்தில் செல் வளர்க்கிற எல்லா லேபிலும் இருக்கிறவை. நாள்தோறும் இரட்டிப்பாகும் செல்கள் அவை. ஒரு சொட்டு தவறிப் பக்கத்துக் குடுவையில் விழுந்தால் போதும், உள்ளே இருப்பவற்றைச் சில வாரத்தில் இல்லாமல் ஆக்கிவிட்டுத் தாங்களே நிரம்பிக்கொள்ளும். இதை முதல் வருஷ மாணவர்களுக்கு வசுமதியே வகுப்பெடுத்திருக்கிறாள். ஒரு ஹூட்டில், அந்தக் கண்ணாடித் தடுப்புப் பெட்டிக்குள், ஒரே நேரத்தில் இரண்டு வகைச் செல்லைத் திறக்காதே, ஒரு செல்லுக்கு வைத்த பாட்டிலில் இன்னொன்றுக்கான பிப்பெட்டை நுழைக்காதே. அதை மீறிய ஒரு பையனை அழவைத்து வெளியே அனுப்பியிருக்கிறாள். அவன் பெயர் என்ன, காது பெரிதாக இருக்கும், திருவாரூர்ப் பக்கம், பெயர் வரவில்லை. எங்கே இருக்கிறானோ. பாங்க் வேலைக்குப் போய்விட்டதாக யாரோ சொன்னார்கள்.

ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு. இன்று காலையிலும் பார்த்தாள், பழக்கம் விடவில்லை. தொண்ணூற்றேழில் டி.எஸ்.எம். செல்களைப் பற்றி அவள் எழுதிய முதல் கட்டுரையை இத்தனை பேர் தங்கள் கட்டுரைகளில் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். மற்றவர்கள் காலையில் தங்கம் விலை பார்ப்பதைப்போல அவள் அந்த எண்ணைப் பார்ப்பாள். நேற்று முன்தினம் நாற்பத்தைந்தாக இருந்தது. அதாவது அறிக்கை வந்த அன்றைக்கே எங்கோ ஓர் ஆள் புதிதாகத் தேசம்மாவின் கன்னத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். இந்த எண்ணைக் கொண்டுதான் பேராசிரியர் ஆனாள், இதைச் சொல்லித்தான் மேடைக்கு அழைத்தார்கள், ஓய்வுக்குப் பிறகும் இந்த மூலையும் ஒரு மேஜையும் கிடைத்ததற்கு இதுதான் காரணம். வசுமதிக்கு என்ன கவலை, தேசம்மா சம்பாதித்துப் போடுகிறாள் என்று கேண்டீனில் ஒருவர் சொன்னது காதில் விழுந்தபோது கோபம் வரவில்லை, பெருமையாகக்கூட இருந்தது. டி.எஸ்.எம். செல்லை வைத்து அவள் எழுதியது மட்டும் நாற்பத்தொரு கட்டுரை. வாய்ப் புற்று எப்படிப் பரவுகிறது, எந்தப் புரதம் கூடுகிறது, எது குறைகிறது. அத்தனையும் வாயிலிருந்தே வராத செல்லில் பார்த்தது. அமெரிக்கப் பெண்ணுக்கு வந்தது கர்ப்பப்பை வாயில். பிரேசிலில் ஒரு குழு பத்து வருஷம் இதில் மருந்து சோதித்தது. ஒரு மருந்தும் கடைக்கு வரவில்லை, அந்த மட்டுக்கும் நல்லது, யாரும் அதைச் சாப்பிட்டுச் சாகவில்லை. இப்படி ஆறுதல் தேடுகிற நிலைக்கு வந்தாயிற்று. இன்று காலை பத்து மணிக்குப் பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம் அனுப்பிவிட்டாள். நூற்று நாற்பது சொல். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன், பிழை என்னுடையது, வருந்துகிறேன். வருந்துகிறேன் என்பதற்கு அங்கே ஒரு வழக்கமான வாக்கியம் இருக்கிறது, அதைப் போட்டால் போதும். திரும்பப் பெற்ற பிறகும் அந்த எண் ஏறிக்கொண்டுதான் இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். படித்துவிட்டு மேற்கோள் காட்டுகிறவர்கள் குறைவு. செத்துப்போனவர் பெயருக்குக் கல்யாணப் பத்திரிகை வருவதில்லையா, அது மாதிரி வந்துகொண்டே இருக்கும்.

பத்திரிகைக்கு எழுதுவது எளிது. தாட்சாயணிக்கு எப்படிச் சொல்வது. மணி மூன்று ஐந்து. சத்துணவுக் கூடத்தில் பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு, வீட்டுக்குப் போய்ப் புடவை மாற்றிக்கொண்டு, பீச் ஸ்டேஷனில் ரயிலேறியிருப்பாள். தொண்ணூற்றெட்டில் முதல் தடவை வந்தபோதும் அந்த ரயில்தான், அப்போது அது பாதிவரைக்குமே ஓடியது, மீதிக்கு பஸ். ஒரு தமிழ்ப் பத்திரிகையில் வந்த செய்தியை மடித்துக் கையில் வைத்திருந்தாள். இறந்த பெண்ணின் செல்கள் ஆய்வகத்தில் உயிருடன். பெயர் போடாமல் ராயபுரம், வலை பின்னுபவர், கன்னப் புற்று என்று போட்டிருந்தார்கள், வேறு யாராக இருக்கும் என்று வந்துவிட்டாள். வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. வசுமதி பயந்துதான் கீழே போனாள், கையெழுத்து வாங்காமல் எடுத்த துண்டு அது, அந்தக் காலத்தில் யாரும் கேட்பதில்லை, சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தாள். எங்கம்மா இங்க கீதாமே, பாக்கலாமா என்றுதான் தாட்சாயணி கேட்டாள். லேப் வாசலில் செருப்பைக் கழற்றினாள், இங்கே கழற்ற வேண்டாம் என்றபோதும் கழற்றினாள். குனிந்து பார்த்தவள் ரொம்ப நேரம் நிமிரவில்லை. ஓடுதா, நகருதா, பசிக்குமா, இன்னா போட்றீங்க என்று கேட்டாள். பிறகு வாயை மைக்ராஸ்கோப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ரகசியம் மாதிரி ஏதோ சொன்னாள். தம்பிக்குத் துறைமுகத்தில் வேலை கிடைத்ததை. அதிலிருந்து வருஷா வருஷம். பெண்ணுக்குக் கல்யாணம், மருமகனுக்குக் குடி, வீட்டுக்குள் தண்ணீர் வந்தது, பேத்தி பன்னிரண்டாம் வகுப்பில் வாங்கிய மார்க்கு, எல்லாம் அந்தக் கண்ணாடியில் மூச்சுப் படிய அவள் சொல்வாள், போன பிறகு வசுமதி பஞ்சால் துடைப்பாள். கொரோனா வருஷம் அவள் வர முடியாதபோது வசுமதி செல்போனை மைக்ராஸ்கோப்பின் கண்ணில் வைத்து வீடியோவில் காட்டினாள். சிக்னல் போய்ப் போய் வந்தது, தாட்சாயணி அந்தப் பக்கம் கத்திக் கத்தி அம்மாவோடு பேசினாள். தன் சொந்த அம்மாவின் திதிக்கு வசுமதி ஒரு தடவைகூட லீவு போட்டதில்லை.

எந்தக் கை. நேற்றிலிருந்து இந்த இடத்துக்கு வந்தால் மனசு நகர மாட்டேன் என்கிறது. ஒரு சொட்டு, மைக்ரோலிட்டர்கூட வேண்டாம், பிப்பெட்டின் நுனியில் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருந்தால் போதும். அப்போது லேபில் ஒரே ஹூட், மீடியத்தில் கலக்கிற கன்றுக்குட்டி சீரம் வெளிநாட்டிலிருந்து வந்துசேர நாலு மாதம், வருகிற ஒரு பாட்டிலை எல்லாச் செல்லுக்கும் வைத்துக்கொள்வார்கள். அமெரிக்கப் பெண்ணின் செல்லும் அங்கேதான் இருந்தது, பழகுகிறவர்களுக்காக. தேசம்மாவின் செல்கள் மெதுவாக, நோயாளி நடக்கிற மாதிரி, வாரத்துக்கு ஒரு தடவை பிரிந்தால் உண்டு. தொண்ணூற்று நாலு மார்ச்சில் ஒரு குப்பி உறையவைத்தாள், அது மட்டும் இருந்தால் போதும், அதில் நிஜமான தேசம்மா இருந்திருப்பாள். இரண்டாயிரத்துப் பதினைந்து டிசம்பர் வெள்ளத்தில் கரண்ட் இல்லாமல் திரவ நைட்ரஜன் வண்டியும் வராமல் அந்தக் குப்பி இருந்த டாங்க் வற்றியபோது அது போயிற்று. அதே தொண்ணூற்று நாலு மே மாதம் அவள் பையனுக்கு அம்மை. பன்னிரண்டு நாள் லீவு. அந்தப் பன்னிரண்டு நாளும் செல்லுக்கு மீடியம் மாற்றியது தேவசகாயம். அந்தப் பன்னிரண்டு நாளில் நடந்திருக்கலாமே. நேற்று இது தோன்றியவுடன் உடம்பில் ஒரு சுகம் பரவியது, வெட்கமில்லாமல் பரவியது, செத்துப்போன மனுஷன், கேட்க வரமாட்டார். மேடம், இதுக்கு வேற பாட்டில் எடுக்கட்டுமா என்று அவர் கேட்ட ஞாபகம் இருக்கிறது. இதையே வச்சுப் பாருங்க என்றேன் நான். இல்லை, அப்படிக் கேட்டாரா, இல்லை நேற்றிலிருந்து நானே அவர் வாயில் வைக்கிறேனா. கேட்டிருந்தால் தப்பு என்னுடையது. கேட்காவிட்டால் அவருடையது. கேட்டார் என்று நான் கற்பனை செய்கிறேன் என்றால் அது எதற்காக, தப்பை நானே எடுத்துக்கொண்டு பெரிய மனுஷி ஆவதற்கா. மறுபடி பன்னிரண்டு நாள். மறுபடி பாட்டில். ஜூலை இருபத்தாறாம் தேதி நோட்டில் எழுதியிருக்கிறது, சிவப்பு மையில், குடுவையின் ஓரத்தில் ஒரு திட்டு, மிக வேகமாக வளர்கிறது. நின்றுபோகாமல் வளர்கிற நிலைக்குத் தேசம்மாவின் செல்கள் வந்துவிட்டன என்று அவள் முடிவுகட்டினாள். அடையாறில் மைசூர்பாகு வாங்கிவந்து எல்லோருக்கும் கொடுத்தாள். தேவசகாயம் சர்க்கரை வியாதிக்காரர், இன்னைக்கு ஒண்ணு தின்னா ஒண்ணும் ஆகாது என்று தின்றார்.

மூன்று நாற்பது ஆகியிருந்தது. பர்வீன் மதியமே போனில் பேசிவிட்டாள். ஆசிரியருக்குக் கடிதம் அனுப்பியதைக் கேட்டுக்கொண்டாள். பிறகு, அந்தம்மாகிட்ட மட்டும் சொல்லாதீங்க மேடம் என்றாள். அவங்களுக்கு ஐம்பத்தாறு ஆச்சு, இன்னும் எத்தனை வருஷம் வரப்போறாங்க, ஒரு குடுவை வளர்த்து வைக்கிறதுல நமக்கு என்ன குறைஞ்சுபோச்சு, நீங்க இல்லேன்னா நான் வந்து காட்டறேன் என்றாள். நல்ல பெண். அவள் சொன்னதில் தப்பு எங்கே இருக்கிறது என்று வசுமதியால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆயிரத்து எண்ணூறு பேருக்கு உண்மை தெரிய வேண்டும், அவர்கள் அதை வைத்து வேலை செய்கிறார்கள். தாட்சாயணி எதை வைத்து என்ன செய்கிறாள். வருஷத்துக்கு ஒரு தடவை ஓர் இடத்தில் நின்று பேசுகிறாள், அவ்வளவுதான். கோயிலில் இருப்பது யார் என்று யாராவது சோதித்துப் பார்க்கிறார்களா. அப்படியே விட்டுவிடலாம். விட்டுவிட்டால் அடுத்த வருஷமும் இந்த நேரத்துக்கு இங்கே உட்கார்ந்து குடுவையைத் துடைக்க வேண்டும், துடைத்து வைத்து, நல்லா இருக்காங்க என்று சொல்ல வேண்டும். இதுவரைக்கும் தெரியாமல் சொன்னது. வசுமதி எழுந்து இன்குபேட்டரை மூன்றாவது தடவையாகத் திறந்தாள், ஒரு குடுவையை எடுத்தாள், மீடியம் மாற்றினாள், அடியைத் துடைத்தாள், மைக்ராஸ்கோப்பில் வைத்து விளக்கைப் போட்டுக் குனிந்து பார்த்தாள். கல் பாவிய தரை மாதிரி ஒட்டி ஒட்டி நெருக்கமாக, உயிரோடு, அழகாகத்தான் இருந்தன. கை இத்தனையையும் தன்பாட்டில் செய்து முடித்துவிட்டது. வராந்தாவில் செருப்புக் கழற்றுகிற சத்தம் கேட்டது.

தாட்சாயணிக்கு முழங்கால் வலி கூடியிருந்தது, கதவைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ரயிலில் உட்கார இடம் கிடைக்காததை, பள்ளிக்கூடத்தில் முட்டை வராமல் பிள்ளைகள் சத்தம் போட்டதைச் சொன்னபடியே முகத்தை முந்தானையால் துடைத்தாள். பேத்திக்கு நர்ஸிங் காலேஜில் இடம் கிடைத்துவிட்டதாம், அதைச் சொல்லத்தான் அவசரம்.

"எங்கம்மா எப்டி கீது, டாக்டரம்மா?" என்று கேட்டுக்கொண்டே ஸ்டூலை இழுத்தாள்.

வசுமதி அவள் தோளைத் தொட்டாள். இத்தனை வருஷத்தில் தொட்டதில்லை. பார்க்காதீங்க, கொஞ்சம் இருங்க என்றாள். பிறகு சொன்னாள். இரண்டு வகைச் செல், ஒரு பாட்டில், ஒரு சொட்டு, சோதனை, வெளிநாட்டிலிருந்து வந்த இன்னொரு அம்மா. வகுப்பில் சொல்கிற மாதிரி ஆரம்பித்து நடுவில் எங்கோ வாக்கியம் உடைந்து, முதலிலிருந்து சொன்னாள். முடிந்ததும் தாட்சாயணி மைக்ராஸ்கோப்பைப் பார்த்தாள், அதன் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"அப்போ இது யாரு?"

"அந்த அம்மாதான். அமெரிக்காவுல. அவங்களும் இறந்து எழுபது வருஷம் ஆச்சு."

"இத்தினி வருசமா அவங்களாண்டயா பேசிக்கினு இருந்தேன்?" தாட்சாயணி லேசாகச் சிரித்தாள். "பாவம், தமிழ் வேற தெரியாது."

அந்தச் சிரிப்பு முகத்தில் சற்று நேரம் அப்படியே இருந்தது, பிறகு அது இருப்பது அவளுக்கே ஞாபகம் வந்த மாதிரி போய்விட்டது. கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வசுமதி தயாராக இருந்தாள். ஏமாற்றிவிட்டாய் என்பாள், பத்திரிகையில் போடுகிறேன் என்பாள், அழுவாள். எல்லாவற்றுக்கும் பதில் யோசித்துவைத்திருந்தாள்.

"எங்கம்மா எப்ப செத்துச்சு?"

பிப்ரவரி பதினொன்று என்று சொல்ல வாயெடுத்தாள் வசுமதி.

"அது ஆஸ்பத்திரில. அப்ப நான் கூட இருந்தேன், தண்ணி ஊத்துனேன். இங்க எப்ப?"

இருபத்தெட்டு வருஷத்தில் யாரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. நேற்றிலிருந்து அவளும் தனக்குள் கேட்டுக்கொள்ளவில்லை. எப்போது கலந்தது, யார் கலந்தது என்று தேடினாளே ஒழிய, கடைசியாக ஒரு செல் மிச்சமிருந்து அதுவும் குடுவையின் அடியிலிருந்து கழன்று மிதந்த நாள் ஒன்று இருந்திருக்கும் என்று தோன்றவில்லை. அதைப் பழைய மீடியத்தோடு உறிஞ்சித் தொட்டியில் ஊற்றியிருப்பார்கள். சரியாகச் சொல்ல முடியாது, தொண்ணூற்று நாலு, ஜூலை கடைசி, ஆகஸ்டு முதல் வாரத்துக்குள் என்றாள்.

"ஆடி" என்றாள் தாட்சாயணி. விரல் விட்டு எதையோ கணக்குப் பார்த்தாள். "சரி. தெவசத்த ஆடியில வச்சுக்கிறேன்." பிறகு நிமிர்ந்து, "அப்போ கூட யாரு இருந்தீங்க?" என்று கேட்டாள்.

வசுமதிக்குத் தேவசகாயத்தின் முகம் வந்தது. பன்னிரண்டு நாளும் பாட்டிலும் வந்தன. ஒரு விநாடி அவற்றை வரவிட்டாள்.

"நான்தான்" என்றாள். "நான்தான் கூட இருந்தேன்."

தாட்சாயணி தலையை ஆட்டினாள். அவளுக்கு அது போதுமாக இருந்தது போலிருந்தது. வசுமதியின் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்கு நடுவில் வைத்துக்கொண்டாள், சாவு வீட்டில் துக்கம் கேட்க வருகிறவர்கள் செய்வதைப்போல.